கூட்டத்துள் ஒருவன்

‘ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு’ என்பது நம்மவர் பழமொழி. ஒருவன் மட்டும் தலைதெறிக்க ஓடினால் அவனை நிறுத்தி, ‘ஏனப்பா ஓடுகிறாய்?’ என்று கேட்கிறோம். ஊரே ஓடினால் கேட்பதில்லை, நாமும் ஓடுகிறோம். வெள்ளமோ தீயோ வரும்போது இஃது உயிர் காக்கும் அறிவுரைதான். ஆனால் ஒரு குழுவில் அமர்ந்து ஆர அமர முடிவெடுக்கும்போதும் மனித மனம் பெரும்பாலும் இந்தப் பழமொழிப்படியே நடக்கிறது. ஒருவனிடம் கேட்கும் கேள்வியைப் பலரிடம் கேட்க நம்மால் ஏன் முடிவதில்லை? சென்ற நூற்றாண்டின் உளவியலார் மிகவும் முயன்று ஆராய்ந்த வினாக்களுள் இஃது ஒன்று. அவர்கள் கண்டவற்றைக் கூறுமுன் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்பொருளில் எனக்கு நாட்டம் பிறந்ததே அதனால்தான்.

நான் மாணவனாக விடுதியில் தங்கிப் படித்த காலம் அது. உணவகத்தை மாணவர்களாகிய நாங்களே குழு அமைத்து நடத்தி வந்தோம். மளிகைக் கடைக்குக் கொடுக்க வைத்திருந்த 180 ரூபாய் ஒரு நாள் பெட்டியில் இல்லை. அந்நாளில் அது ஒரு மாணவனின் மூன்று மாத உணவுக் கட்டணம். பெட்டிச் சாவி அம்மாதம் எங்களைவிட ஓராண்டு இளைய மாணவன் ஒருவனின் பொறுப்பில் இருந்தது. ஏழைக் குடும்பத்தவன், அதிகம் பேசமாட்டான். சாவி பெரும்பாலும் சமையலறைச் சுவரில் ஓர் ஆணியில்தான் தொங்கும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் இரவு உணவுக்குப்பின் கூட்டம் கூடியது. அறுபதுக்கு மேற்பட்டோர் இருந்தோம். மாணவர் தலைவர் எழுந்து, “இவனை விடுதியை விட்டு அனுப்பிடலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?” என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. “அப்போ கை தூக்குங்க” என்றார். முன்வரிசையில் நாலைந்து கைகள் உயர்ந்தன. பிறகு பின்வரிசைகளிலும் உயர்ந்தன. நானும் தூக்கினேன்.

பணம் காணாமற்போன பிற்பகல் முழுவதும் அந்த மாணவன் நூலகத்தில் என் எதிரே அமர்ந்து படித்துக்கொண்டிருந்தான். அதை நான் சொல்லவில்லை. அன்றிரவே அவன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மூன்று வாரம் கழித்து மளிகைக் கடைக்காரர் கணக்கு நோட்டை எடுத்து வந்தார். 180 ரூபாயும் வரவு வைக்கப்பட்டிருந்தது. சமையற்காரர் அன்று பணத்தை எடுத்துக் கடையில் கட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் அவசரமாக ஊருக்குப் போயிருக்கிறார். நாங்கள் கடிதம் எழுதினோம். அவன் திரும்பி வரவில்லை.

அன்றிரவு என் அறைத்தோழன், “எனக்கு அன்னைக்கே சந்தேகந்தான்டா” என்றான். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன். என்னையும் சேர்த்து ஒன்பது பேர் ஐயப்பட்டிருந்தோம். ஒன்பது பேரும் தான் ஒருவனே ஐயப்படுவதாக எண்ணிக்கொண்டு கை தூக்கியிருக்கிறோம்.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், ஸ்வார்த்மோர் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சாலமன் ஆஷ் ஒரு சோதனை நடத்தினார். ஓர் அட்டையில் ஒரு கோடு. மற்றோர் அட்டையில் நீளம் வேறுபட்ட மூன்று கோடுகள். முதல் அட்டைக் கோட்டுக்குச் சமமான கோடு மூன்றில் எது என்று சொல்ல வேண்டும், அவ்வளவே. தனியாகக் கேட்டால் நூற்றுக்கு ஒரு விடைகூடத் தவறாத அளவுக்கு எளிய வேலை. ஆனால் ஆஷ் தனியாகக் கேட்கவில்லை. ஏழெட்டு மாணவர்களை ஒன்றாக அமர்த்தி, வரிசையாக, உரக்கச் சொல்லச் செய்தார். அவர்களுள் ஒருவன் மட்டுமே உண்மையில் சோதிக்கப்படுபவன். மற்ற அனைவரும் முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்டவர்கள். அவன் முறை ஏறக்குறைய கடைசியில் வரும். முதல் இரண்டு சுற்றுகளில் எல்லாரும் சரியாகச் சொல்வார்கள். பிறகு திடீரென ஒரு சுற்றில் எல்லாரும் ஒரே தவறான கோட்டைக் காட்டுவார்கள். கண்ணெதிரே தெரியும் உண்மைக்கும் வரிசையாக வரும் குரல்களுக்கும் நடுவில் அந்த ஒருவன் திண்டாடுவான்.

மொத்தம் 18 சுற்றுகள். அவற்றுள் 12 சுற்றுகளில் கூட்டம் தவறாகச் சொன்னது. சோதிக்கப்பட்ட 123 பேர் அந்தச் சுற்றுகளில் சொன்ன விடைகளில் ஏறத்தாழ 37 விழுக்காடு கூட்டத்தோடு சேர்ந்து தவறின. நான்கில் மூவர் ஒருமுறையேனும் வளைந்தனர். நான்கில் ஒருவர் கடைசிவரை வளையவே இல்லை. பாடநூல்கள் முதற்பாதியை மட்டும் சொல்லி, மனிதர் எல்லாரும் மந்தை ஆடுகள் என்பதுபோல் முடித்துவிடுகின்றன. இந்தக் குறை எனக்கு எப்போதும் உண்டு. 63 விழுக்காடு விடைகள் சரியாகவே இருந்தன என்பதையும் ஆஷ் வற்புறுத்தினார்.

சோதனைக்குப்பின் ஆஷ் அவர்களைத் தனித்தனியே அழைத்து உரையாடியதுதான் எனக்கு எண்களைவிடப் பெரிதாகப் படுகிறது. வளைந்தவர்களில் சிலர், இத்தனை பேர் சொல்லும்போது தம் கண்ணிலோ தாம் பார்த்த முறையிலோதான் ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்று எண்ணியவர்கள். வேறு சிலருக்கு உண்மை தெளிவாகத் தெரியும். தனித்து நிற்கக் கூசி, தெரிந்தே தவறாகச் சொன்னவர்கள். முன்னவர் தம் அறிவை ஐயுற்றனர். பின்னவர் தம் இடத்தை இழக்க அஞ்சினர். விடுதிக் கூட்டத்தில் நான் இவ்விரு கூட்டத்திலும் எதைச் சேர்ந்தவன் என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ‘நூலகத்துக்கு வருமுன் எடுத்திருக்கலாமே’ என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. ஆனால் அந்தக் காரணம் கை உயர்ந்ததற்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்பதுதான் தெளிவாக நினைவில்லை.

ஆஷ் சோதனையைப் பலவாறு மாற்றிப் பார்த்தார். எதிரே ஒருவன் மட்டும் தவறாகச் சொன்னால் பாதிப்பு ஏதுமில்லை. இருவர் சொன்னால் சிறிது. மூவர் ஆனதும் ஏறத்தாழ முழு வலிமையும் வந்துவிடுகிறது. அதற்குமேல் ஆள் கூட்டுவதால் பெரிய வேறுபாடில்லை. விடையை உரக்கச் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோது வளைவு வெகுவாகக் குறைந்தது. இன்னொன்று, கூட்டத்துள் ஒரே ஒருவனை உண்மை சொல்ல வைத்தார். உடனே வளைவு ஏறத்தாழ நாலில் ஒரு பங்காக விழுந்தது. அந்த ஒருவன் சரியாகத்தான் சொல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. மற்றவர்களைவிடப் பெரிய தவறாக, வேறொரு கோட்டைச் சொன்னாலும் போதும்; ‘இங்கே வேறாகவும் சொல்லலாம்’ என்பது தெரிந்துவிடுகிறது. பின்னர் 17 நாடுகளில் இதே வகைச் சோதனைகள் நடந்தன. 1996-இல் 133 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்ததில், தனிமனிதனைவிடக் குடும்பத்தையும் குழுவையும் முன்னிறுத்தும் நாடுகளில் இவ்வளைவு மிகுதி என்று தெரியவந்தது.

ஆஷின் சோதனையில் மற்றவர்கள் பொய்யாவது சொன்னார்கள். ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே போதும் என்பதை 1968-இல் நியூயார்க்கில் லத்தானே, டார்லி என்னும் இருவர் காட்டினர். ஓர் அறையில் அமர்ந்து வினாத்தாளை நிரப்பிக்கொண்டிருக்கும்போது சுவரிலுள்ள சிறு துளை வழியே புகை வரத் தொடங்கும். தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் வெளியே சென்று தெரிவித்தனர். முன்பின் அறியாத மூவர் ஒன்றாக இருந்தபோது, 38 விழுக்காடு குழுக்களில்தான் ஒருவரேனும் எழுந்தார். கண்டும் காணாததுபோல் எழுதிக்கொண்டிருக்க ஏற்பாடு செய்யப்பட்ட இருவருக்கு நடுவே அமர்ந்தவர்களில் பத்தில் ஒருவர் மட்டுமே எழுந்தார். மற்றவர்கள் புகையைக் கையால் விலக்கிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுதினார்கள். ஒவ்வொருவரும் பதற்றத்தை மறைத்துக்கொண்டு அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார். அங்கே பதற்றம் இல்லை. ஆகவே ஆபத்தில்லை என்று முடிவு செய்கிறார். அடுத்தவரும் இதையேதான் செய்துகொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை.

மாணவர்கள், முன்பின் அறியாதவர்கள், கோடும் புகையும் என்று இவை சிறிய செய்திகளாகத் தோன்றலாம். அறிவிலும் அனுபவத்திலும் தேர்ந்தவர்கள் கூடி நாட்டின் போரையே தீர்மானிக்கும் அவையில் இப்படி நடக்குமா? நடந்தது.

1961 சனவரியில் ஜான் கென்னடி அமெரிக்கக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். கியூபாவில் பிடல் காஸ்ட்ரோவின் அரசைக் கவிழ்ப்பதற்காக, முந்தைய ஆட்சிக் காலத்திலேயே சி.ஐ.ஏ. உளவு நிறுவனம் ஒரு திட்டம் தீட்டியிருந்தது. நாட்டைவிட்டு வெளியேறிய கியூபர்கள் ஏறத்தாழ 1,400 பேருக்குப் பயிற்சி தந்து கரையிறக்குவது. அமெரிக்காவின் கை வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வது. முயற்சி தோற்றால் அவர்கள் எஸ்காம்பிரே மலைகளுக்குள் புகுந்து மறைந்துகொள்வது. கென்னடியைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா பெருந்தொழில் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். பண்டி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உயர்பொறுப்பு வகித்தவர். ஷ்லெசிங்கர் புகழ்பெற்ற வரலாற்றறிஞர். ஆனால் இறங்குதுறையாகத் தேர்ந்த பன்றிகள் வளைகுடாவுக்கும் அம்மலைகளுக்கும் இடையே ஏறத்தாழ 80 மைல் சதுப்பும் காடும் கிடந்ததை வரைபடத்தில் பார்த்துக் கேட்டவர் எவருமில்லை. பள்ளி மாணவனும் பார்த்திருக்கக்கூடிய வரைபடம்.

ஐயப்பட்டவர் இல்லாமலில்லை. ஷ்லெசிங்கர் திட்டத்தை எதிர்த்துத் தலைவருக்குத் தனியே குறிப்புகள் எழுதினார். கூட்டத்தில் மட்டும் பேசாதிருந்தார். ஒரு விருந்தின்போது தலைவரின் தம்பி இராபர்ட் கென்னடி அவரைத் தனியே அழைத்து, தலைவர் முடிவெடுத்துவிட்டார், இனி வற்புறுத்த வேண்டாம் என்று சொல்லிவைத்தார். ஏப்ரல் 4-ஆம் நாள் கூட்டத்தில் செனட் உறுப்பினர் புல்பிரைட் வெளிப்படையாகவே எதிர்த்துப் பேசினார். ஆஷின் சோதனையை நினைத்தால், அந்த ஒரு குரல் மற்றவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அக்குழுவினர் அல்லர். வெளியிலிருந்து வந்து அமர்ந்தவர். அடுத்து கென்னடி மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கருத்துக் கேட்கத் தொடங்கினார். தலைவர் எதிரில், ஒருவர் பின் ஒருவராக, உரக்க! ஆஷின் கூடத்தில் நடந்த அதே முறை.

ஏப்ரல் 17-இல் படை கரையிறங்கியது. 19-ஆம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 1,200 பேர் சிறைப்பட்டனர். அமெரிக்காவின் கை உலகம் முழுவதும் தெரிந்துவிட்டது. தாம் அந்தக் கூட்டங்களில் வாய்மூடி இருந்ததற்காக ஷ்லெசிங்கர் 1965-இல் வெளியிட்ட நூலில் தம்மையே கடிந்துகொண்டார்.

யேல் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் இர்விங் ஜானிஸ் இந்நிகழ்ச்சியை ஆராயத் தொடங்கியதற்கு, அவருடைய மகள் பள்ளிக்காக எழுதிய ஒரு கட்டுரையும் காரணமாயிற்று. இத்தனை அறிவாளிகள் எப்படி ஏமாந்தனர் என்ற கேள்வி அவரை விடவில்லை. 1972-இல் வெளிவந்த நூலில் அவர் தந்த விடை பகைமையையோ அச்சத்தையோ பற்றியதன்று, நட்பைப் பற்றியது. ஒருவரையொருவர் மதித்து, தம் குழுவில் பெருமிதம் கொண்டவர்களிடையே அந்த இணக்கத்தைக் கெடுக்கக்கூடாது என்ற ஆவல் உண்மையை ஆராயும் ஆவலை விஞ்சிவிடுகிறது. ஐயத்தை ஒவ்வொருவரும் தமக்குள்ளே அடக்கிக்கொள்வதால் எல்லாரும் உடன்படுவதாக ஒரு மாயை தோன்றுகிறது. ஐயத்தை வெளியிட முனைபவரை இராபர்ட் கென்னடி போன்ற ஒருவர் தடுத்துவிடுகிறார். உடலைக் காக்கும் மெய்க்காவலர்போல் இவரை ‘மனக்காவலர்’ என்றார் ஜானிஸ். இந்நிலை முழுவதற்கும் அவர் இட்ட பெயரைத் தமிழில் ‘குழுச்சிந்தனை’ என்கிறோம். சிந்தனையே இல்லாத இடத்துக்கு இப்பெயர் பொருந்துமா என்பது வேறு கேள்வி.

இக்கதையின் மறுபாதி 1962 அக்டோபரில் நடந்தது. சோவியத் நாடு கியூபாவில் அணு ஏவுகணைகளை நிறுவுவது 16-ஆம் நாள் கென்னடிக்குத் தெரிந்தது. கூடியவர்களில் பலர் பழையவர்களே: மக்னமாரா, பண்டி, இராபர்ட் கென்னடி, வெளியுறவு அமைச்சர் ரஸ்க். மாறியது கூடிய முறை. தலைவர் சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே வரவில்லை. அவர் முகம் பார்த்துப் பேசும் தொல்லை நீங்கியது. பதவி வரிசை பார்க்காமல் எவரும் எவரையும் மறுத்துப் பேசினர். குழுவை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவும் தன் திட்டத்தை எழுதி மற்றதனிடம் கொடுத்து, குறை கண்டு, மீண்டும் திருத்தி எழுதின. முதல்நாள் பெரும்பாலோர் உள்ளத்தில் இருந்தது விமானத் தாக்குதல். 22-ஆம் நாள் கென்னடி அறிவித்தது கடல்முற்றுகை. 28-ஆம் நாள் ஏவுகணைகளைத் திரும்பப் பெறச் சோவியத் தலைவர் குருசேவ் இசைந்தார். துருக்கியிலிருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்றுவதாக மறைவில் தந்த வாக்கும் அதற்குத் துணைநின்றது. முதல்நாள் கருத்தின்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க மனம் நடுங்குகிறது.

ஜானிஸின் விளக்கத்தைப் பின்வந்த அறிஞர் எல்லாரும் அப்படியே ஏற்கவில்லை. மறைவாயிருந்த ஆவணங்களும் ஒலிப்பதிவுகளும் வெளிவந்தபின், 1961-இல் கென்னடியை உந்தியது குழுவின் இணக்கத்தைவிடத் தேர்தல் அரசியல் கணக்கே என்று சிலர் வாதிட்டனர். இருக்கலாம். ஆனால் அரசியல் கணக்கும் வாய்விட்டுப் பேசப்படாமல்தானே அங்கே அமர்ந்திருந்தது?

கூடி முடிவெடுத்தல் எவ்வாறு கெடும் என்பதைப் பழங்காலத்தவரும் உணர்ந்திருந்தனர். யூதர்களின் தல்மூத் என்னும் நெறிநூலில் ஒரு வியப்பான விதி உண்டு. மரண தண்டனை வழக்கில் நடுவர் அனைவரும் ஒருமித்துக் குற்றவாளி என்றால், அவனை விடுவிக்க வேண்டும்! ஒருவர்கூட அவனுக்காக வாதிடவில்லை என்றால் ஆராய்வு சரியாக நடக்கவில்லை என்ற ஐயம் அதில் பொதிந்திருக்கிறது. அத்தகைய வழக்குகளில் இளையவர் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும் என்பதும் அவர்கள் நெறி. மூத்தவர் பேசிவிட்டால் இளையவர் வாய் அடைபடும் அல்லவா? நம் பக்கத்தில், திருநெல்வேலியை அடுத்த மானூரில் ஏறத்தாழ கி.பி. 800-ஐச் சேர்ந்த பாண்டியர் கல்வெட்டொன்று நேர்மாறான தொல்லையைக் காட்டுகிறது. சபையில் எக்காரியம் வந்தாலும் எதிர்த்து ‘அன்று, அன்று’ என்றே சொல்லித் தடுப்பவரும் அவருக்குத் துணைநிற்பவரும் காரியத்துக்கு ஐந்து காசு தண்டம் இறுக்க வேண்டும் என்று சபையார் விதித்தனர். அவ்வூர்ச் சபையில் யாரோ சிலர் பொறுமையை மிகவும் சோதித்திருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் மறுப்பவன் மறுப்பின் மதிப்பையே கெடுத்துவிடுகிறான் என்பது உண்மை. எனினும் எதையுமே மறுக்காதவனுக்குத் தண்டம் விதித்த கல்வெட்டு எதையும் நான் கண்டதில்லை.

அப்படியானால் கூட்டம் என்றாலே அறிவுக்குப் பகையா? இல்லை. 1906-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் நடந்த கால்நடைக் கண்காட்சியில் ஒரு போட்டி. ஓர் எருதைக் காட்டி, அதை அறுத்துத் துப்புரவு செய்தபின் இறைச்சி எத்தனை ராத்தல் தேறும் என்று சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். கசாப்புக்காரரும் உழவரும் ஒன்றுமறியாதவரும் எழுதிய 787 சீட்டுகளை அறிஞர் பிரான்சிஸ் கால்டன் வாங்கி வரிசைப்படுத்திப் பார்த்தார். நட்டநடுவில் நின்ற மதிப்பீடு 1,207 ராத்தல். உண்மை எடை 1,198. பொதுமக்களின் அறிவைப் பற்றிப் பெரிய எண்ணம் இல்லாத கால்டனே வியந்துபோனார். ஆனால் அந்த 787 பேரும் தனித்தனியே எழுதினார்கள். அடுத்தவர் சீட்டைப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன ஆகும் என்பதை 2011-இல் சூரிச் நகரில் 144 மாணவர்களைக் கொண்டு சோதித்தனர். மற்றவர் மதிப்பீடுகளைக் காட்டியதும் விடைகள் ஒன்றையொன்று நெருங்கின. ஆனால் உண்மையை நெருங்கவில்லை. மாணவர்களின் தன்னம்பிக்கை மட்டும் கூடியது.

அந்த இளைய மாணவன் போன மறு ஆண்டு, அதே விடுதியில், உணவகத்தை வெளி ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தது. கூட்டத்தில் நாலைந்து பேர் அதை ஆதரித்துப் பேசினார்கள், மற்றவர்கள் தலையசைத்தார்கள். கை தூக்கச் சொல்லப்போகும் வேளையில் புதிதாக வந்திருந்த விடுதிக் காப்பாளர், “இருங்கப்பா, ஆளுக்கொரு சீட்டுல எழுதிப் போடுங்க” என்றார். சமையலறையிலிருந்து அரிசி அளக்கும் படியைக் கொண்டு வந்தோம். எண்ணும் பொறுப்பு எனக்கு வந்தது. 61 சீட்டுகளில் 37-இல் ‘வேண்டாம்’ என்று இருந்தது. நம்ப முடியாமல் இரண்டாம் முறையும் எண்ணினேன்.